மாதா வேடம் கட்டிய பாட்டுக்காரி

அருள்மேரி பாடி நீங்கள் கேட்டிருக்கலாம். தஞ்சாவூரிலிருந்து நாகூர் வரைக்கும் எந்த ஊரில் திருவிழா என்றாலும், சாமி புறப்பாடு முடிந்ததும் ஜனம் கலைந்துவிடாமல் இருக்க ஒரு பாட்டுக் கச்சேரி வைப்பார்கள். அந்த மேடைகளில் நாற்பது வருடமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றப் பாடியவள் அவள். கேட்டிருந்தாலும் பெயர் ஞாபகம் இருக்காது. சினிமாவில் யார் பாடினார்களோ அவர்களை நினைத்துக்கொண்டுதான் கைதட்டியிருப்பீர்கள். இதில் எனக்கு நெடுநாளாகக் கோபம் உண்டு. அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவள் ஏக்கமெல்லாம் வேறொன்றில் இருந்தது.

நான் பகலவன். தேனருவி இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். இப்போது குழுவும் என்னுடையது, ஸ்பீக்கர் பெட்டிகளும் என்னுடையவை. கடவுள் இல்லை என்று மேடை போட்டுப் பேசிய அப்பா வைத்த பெயர் இது. அவருடைய மகனுக்குச் சோறு போட்டது முழுக்க மாரியம்மன் திருவிழாவும் சந்தனக்கூடும் மாதா தேர்பவனியும்தான். அப்பா உயிரோடு இருந்தவரை நான் எந்த ஊருக்கு வாசிக்கப் போகிறேன் என்று கேட்டதே இல்லை. கேட்டால் வருத்தப்பட வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

மேரிக்கு ஊர் சவேரியார்குடி. பாபநாசத்திலிருந்து குடமுருட்டிக் கரையோடு போனால் வரும். கோயிலில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பெண்ணை எங்கள் கிடார்காரர் ரெமிஜியஸ்தான் குழுவுக்குக் கூட்டிவந்தார். குரலைக் கேட்டுக் கூட்டிவந்தேன் என்று எங்களிடம் சத்தியம் செய்தார். சில வருடம் கழித்து அவளையே கல்யாணம் பண்ணிக்கொண்டபோது நாங்கள் அந்தச் சத்தியத்தைச் சொல்லிச் சொல்லி அவரை வேனில் தூங்கவிடாமல் அடித்தோம். நல்ல மனிதர். மகன் எல்வினுக்கு இரண்டு வயது முடிவதற்குள் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மேரிக்குப் பாட்டைத் தவிர வேறு தொழில் தெரியாது. அவளுடைய அக்கா எல்சி கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள், உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். துக்கம் கேட்க நாங்கள் போயிருந்தபோது, இடுப்பில் எல்வினை வைத்துக்கொண்டு எல்சி தங்கையிடம் சொன்னாள்: “நீ போய்ப் பாடு. பிள்ளைய நான் பாத்துக்கறேன்.” எவ்வளவு நல்ல சொல். அந்த நல்ல சொல்லுக்கு மேரி பிறகு எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது என்று அப்போது யாருக்குத் தெரியும்.

எங்கள் பிழைப்பு அப்படி. வெயில் தாழ வேனில் ஏறினால் மறுநாள் காலையில்தான் வீடு. மேரி உள்ளே நுழையும்போது பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பான், எல்சி அவனுக்குத் தலை வாரிக்கொண்டிருப்பாள். கண்ணில் மை கலைந்து நிற்கிற மேரி சீப்புக்குக் கை நீட்டுவாள். “நீங்க தூங்குங்கம்மா, எல்சிம்மா வாரிவிடும்” என்பான் பையன். மரியாதையான பிள்ளை. விருந்தாளியிடம் எவ்வளவு மரியாதையாக இருக்க வேண்டுமோ அவ்வளவு மரியாதை. வேனில் இதைச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டு பாபநாசம் ரயில்வே கேட் வருவதற்குள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

தமிழில் பாப் கேசட் என்று ஒரு வியாதி பரவிய காலம் ஒன்று இருந்தது. பார்த்தவரெல்லாம் கேசட் போட்டார்கள். திருச்சியில் ஒரு ஸ்டுடியோக்காரர் மேரியை வைத்து ஒன்று போட்டார். இசை நான்தான், அதனால் அது நன்றாக இருந்தது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும். அட்டையில் மேரி ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு, சிவப்பு மோட்டார் பைக்கில் சாய்ந்து நின்றாள். பைக் ஸ்டுடியோக்காரருடைய மச்சானுடையது. பாபநாசம் மினிபஸ்களில் ஒரு வருடம் அந்தக் கேசட்தான் ஓடியது. வயலில் நடவு நட்ட பெண்கள்கூட அதைப் பாடினார்கள். அவளுடைய சொந்தப் பாட்டு என்று உலகத்தில் இருந்தது அவ்வளவுதான். அதன் பிறகு ஸ்டுடியோவே மூடிப்போனது.

நடிப்பும் அவளுக்கு வந்தது. பாட்டுக்கு நடுவே நாங்கள் போடும் சின்னச் சின்ன நகைச்சுவை நாடகங்களில் மாமியாராக வந்து வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பாள். கும்பகோணத்தில் ஒரு சீரியல் படப்பிடிப்புக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். போனால், சிரிக்க வைக்கிறவளைப் போய் அழுகிற அம்மாவாகப் போட்டார்கள். அடுத்தடுத்து வந்த சீரியல்களிலும் அதே அழுகிற அம்மாதான். ஒரு காட்சியில் குத்துப்பட்ட மகனை மடியில் போட்டுக்கொண்டு அழ வேண்டும். மகனாக நடித்தவன் யாரோ ஒரு பையன். இயக்குநர் கட் சொல்லியும் மேரி அழுகையை நிறுத்தவில்லையாம். பையன் பயந்துபோய், “ஆன்ட்டி, முடிஞ்சிடுச்சு ஆன்ட்டி” என்று எழுந்து உட்கார்ந்துவிட்டானாம். இதையும் வேனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

எதற்காக அழுதாள் என்று புரிய வேண்டுமானால் சவேரியார்குடியின் பாஸ்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாஸ்கா என்றால் இயேசுநாதர் பாடுபட்டுச் சிலுவையில் இறந்ததை ஊரே சேர்ந்து நடிக்கிற நாடகம். மற்ற ஊர்களில் இரவில் விளக்குப் போட்டு நடத்துவார்கள். சவேரியார்குடியில் மட்டும் பெரிய வெள்ளிக்கிழமை கோயில் சடங்கு முடிந்த கையோடு, பகல் வெளிச்சத்தில், உளுந்து பிடுங்கிய வயலில் நடக்கும். ஜனங்கள் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து பார்ப்பார்கள். வேடம் கட்டுவது இங்கே நேர்ச்சை, வேண்டுதல். யூதாசுக்குக்கூட விரதம் உண்டு. இயேசு வேடத்துக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: முப்பத்து மூன்று வயதுக்கு மேல் யாரும் சிலுவையில் ஏறக்கூடாது, ஆண்டவரே அந்த வயதில்தான் இறந்தார், அவரைவிட நீ என்ன பெரியவனா என்று கேட்பார்கள்.

வயல்வெளியில் நடிக்கிறவர்கள் பேசினால் காற்றில் போய்விடும் என்பதால் வசனமும் பாட்டும் முன்பே பதிவு செய்தவை. ஸ்பீக்கரில் குரல் ஓடும், மேடையில் இருப்பவர்கள் வாயை அசைப்பார்கள். நாடகத்தை எழுதியவர் ஊரின் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆசீர்வாதம். சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் கிடத்தி மாதா புலம்பும் பாட்டுக்கு மேரியின் குரல்தான் வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். பாப் கேசட் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பதிவு செய்தது நான்.

“தண்ணி கேட்டியாமே மகனே, காடி குடுத்தாகளாமே. எங்கிட்டக் கேட்டிருந்தா ஆத்தையே ஏந்திவந்திருப்பேனே.”

ஒரே மூச்சில் பாடினாள். நான் கீபோர்டில் அடுத்த சுரத்தை அழுத்த மறந்துவிட்டேன். அந்த இடம் அப்படியே பதிவில் இருக்கிறது. பின்னால் கேட்டவர்கள் அது நல்ல யோசனை என்றார்கள், நானும் ஆமாம் என்றேன்.

பாடி முடித்ததும் மேரி கேட்டாள், அந்த வேடத்தையும் தானே கட்டலாமா என்று. வாத்தியாருக்குச் சம்மதம். நாடகத்தை நடத்தும் ஊர்க் கமிட்டிக்கு இல்லை. கேசட் அட்டையில் ஜீன்ஸ் போட்டு நின்றவளை மாதாவாக நிறுத்தினால் ஜனம் கும்பிடுமா என்றார்கள். குரல் மட்டும் போதும், ஆள் வேண்டாம் என்று முடிவானது. குரலுக்கு ஜீன்ஸ் போட முடியாது என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. வேடம் எல்சிக்குப் போனது. எல்சி எத்தனையோ தரம் மறுத்தும் விடவில்லை, ஊரில் அவளைப்போல் நல்லவள் யார் என்றார்கள். அதுவும் உண்மைதான். எல்சியின் மேல் கோபப்பட முடியாதது மேரிக்கு இன்னொரு கஷ்டம்.

எல்வின் வளர்ந்தான். நெல் அறுக்கும் மெஷின் ஓட்டப் பழகி, சொந்தமாக ஒன்று வாங்கினான். இருபத்தைந்து வயதில் இயேசு வேடம் அவனுக்கு வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு பெரிய வெள்ளியும் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். மேரி பெற்ற மகன் எல்சியின் மடியில் கிடப்பான். ஸ்பீக்கரில் மேரியின் குரல் மகனே மகனே என்று அலறும். மேரி, அந்த வருடம் பங்குனித் திருவிழாக் கச்சேரி எதுவும் இல்லாவிட்டால், என்னோடு மிக்சருக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். இருந்தால் எங்கேயோ ஓர் ஊரில் குத்துப்பாட்டு பாடிக்கொண்டிருப்பாள்.

ஒரு தடவை அவள் என்னிடம் சொன்னாள், “அந்த எடத்துல ஒரு தடவ நான் உக்காரணும் பகலவண்ணே. ஒரே தடவ போதும்.”

“வீட்ல போய் மடியில படுடான்னு சொல்ல வேண்டியதுதானே” என்றேன். எனக்கு வாய் எப்போதும் இப்படித்தான்.

“எப்படிண்ணே சொல்றது? அவன் ‘என்னங்கம்மா ஒடம்பு சரியில்லையா’ன்னு கேப்பான்.”

நான் வயர்களைச் சுருட்டப் போய்விட்டேன். பெற்ற பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ள அவளுக்கு ஒரு நாடகம் தேவைப்பட்டது. 

இந்த வருடம் எல்வினுக்கு முப்பத்து மூன்று. இதோடு அவன் வேடம் முடிந்தது. அடுத்த வருடம் வேறு ஒரு பையன் சிலுவையில் ஏறுவான். பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் எல்சியின் இரண்டு முட்டியும் மடங்க மறுத்துவிட்டன. தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கமிட்டிக்காரர்கள் உடனே கூடி, பஞ்சாயத்தில் வேலை பார்க்கும் ஒருவருடைய மனைவியைப் போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். எல்சி கம்பை ஊன்றிக்கொண்டு நேரே உள்ளே போனாள்.

“மேரிதான் கட்டணும்” என்றாள்.

“அதுக்கில்லக்கா, அவங்க சினிமாப் பாட்டு, சீரியல்னு...” என்று ஒருவர் இழுத்தார்.

“இத்தன வருஷமா அவ குரலக் கேட்டுத்தானே ஊரே அழுவுது? அப்ப எங்க போச்சு ஒங்க சினிமாப் பாட்டு? அவ இல்லன்னா நான் தவந்துக்கிட்டாவது வந்து உக்காருவேன். முட்டி போனா ஒங்க பேரச் சொல்லிக்கிறேன்.”

பேசாதவள் பேசினால் அப்படித்தான். கமிட்டி நிபந்தனையோடு ஒத்துக்கொண்டது. திருநீற்றுப் புதன் முதல் தவக்காலம் முழுக்க மேரி கவிச்சி தொடக்கூடாது, பாயில்தான் படுக்க வேண்டும், சினிமாப் பாட்டு ஒன்றுகூடப் பாடக்கூடாது. முதல் இரண்டும் எல்லா மாதாவுக்கும் உண்டு. மூன்றாவது மேரிக்கென்று தனியாகக் கண்டுபிடித்தது.

எங்களுக்குக் கச்சேரி குவிகிற நாட்கள் அவை. நான் சவேரியார்குடிக்குப் போய்ச் சண்டையே போட்டேன். மேரி மிளகு போட்ட வெந்நீரைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். “வேற ஆளப் பாத்துக்கங்கண்ணே” என்று மட்டும் சொன்னாள். குத்தாலத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்தேன். நல்ல பெண்தான், செல்போனைப் பார்த்துப் பார்த்துப் பாடினாள். நடுவில் யாரோ அவளுக்குப் போன் பண்ணிவிட்டார்கள், பாட்டு அப்படியே அந்தரத்தில் நின்றது. அந்தத் தவக்காலத்தில் மேரியைவிட நான்தான் அதிகம் பாடுபட்டேன்.

மகனிடம் மேரியே சொன்னாள், இந்த வருடம் எல்சிக்குப் பதில் நான் என்று. அப்போது நானும் அங்கே இருந்தேன். எல்வின் மெஷினின் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

“யாரு உக்காந்தா என்னங்கம்மா. நான் கண்ண மூடிக்கிட்டுத்தானே கெடக்கப்போறேன்” என்றான்.

அவன் கெட்டவன் இல்லை. அம்மாவுக்கு மாதாமாதம் மாத்திரை வாங்கிக் கொடுப்பதிலிருந்து எதிலும் குறை வைத்ததில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவன் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கி அவன் தலையிலேயே ஒன்று போடலாமா என்று எனக்கு வந்தது. மேரி, “சரிப்பா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அவனுக்கு மோர் கலந்து எடுத்து வந்தாள். அவன் குடித்துவிட்டு, “தேங்க்ஸ்ங்கம்மா” என்றான். இரண்டு நாளில் மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு மேற்கே அறுப்புக்குப் போய்விட்டான். எட்டு வருடமாகக் கட்டுகிற வேடம், அவனுக்கு ஒத்திகை தேவையில்லை. பெரிய வியாழனன்று வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

அதனால் ஒத்திகை முழுக்க மேரியின் மடியில் கிடந்தது ஒரு வைக்கோல் சாக்கு. பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து அந்தச் சாக்கைத் தாங்கிக்கொண்டு, ஸ்பீக்கரில் ஓடும் தன் குரலுக்கு வாயசைக்கப் பழகினாள். முதல் நாள் பாட்டு முடிந்ததும் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தாள்.

“இந்தப் பொண்ணு நல்லாத்தாண்ணே பாடுறா” என்றாள்.

“யாரு?”

“ஸ்பீக்கர்ல பாடுறாளே, அவதான். இப்ப எனக்கு அந்த மேல் ஸ்தாயி வராது.”

எல்சி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். முக்காட்டை எங்கே செருகுவது, எந்தக் காலை முதலில் மடக்குவது. அப்புறம் சாக்கைக் கம்பால் தொட்டுக் காட்டினாள்.

“எறக்கிக் கெடத்துறப்ப இடது தோளுக்கு அடியில ஒங் கைய வச்சுக்க. தொங்க விட்ராத. அவனுக்கு அந்தத் தோள்பட்ட எறங்கிக்கும்.”

“எறங்கிக்குமா? எப்பலேருந்து?”

“அஞ்சாப்பு படிக்கிறப்ப போர்செட் தொட்டி மேலேருந்து விழுந்தானே.” எல்சி சட்டென்று நிறுத்தினாள். பிறகு மெதுவாக, “நீ அப்ப மலேசியாவுல கச்சேரிக்குப் போயிருந்த. போன்ல சொன்னா பயந்துருவன்னு சொல்லல. அப்புறம் சொல்ல மறந்தே போச்சு” என்றாள்.

மேரி சாக்கின் இடது பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். இருபத்து மூன்று வருடமாகத் தன் மகன் தோளைத் தாங்கித் தாங்கித் தூங்கியிருக்கிறான், அது அவளுக்குத் தெரியாது. எல்சியையும் குறை சொல்ல வழியில்லை, தன்னையும் எப்படிக் குறை சொல்லிக்கொள்வது, பாடாவிட்டால் பிள்ளைக்குச் சோறு ஏது. அன்றைக்கு ஒத்திகை அதோடு முடிந்தது.

ஆசீர்வாதம் வாத்தியாருக்கு ஒரே ஒரு குறைதான். பாட்டு ஆரம்பித்ததும் மேரியின் தலை நிமிர்ந்துவிடும். கண் மடியை விட்டு நேரே எதிரில் போய்விடும். “மேரி, கீழ பாரும்மா, மகனப் பாரு” என்று தினமும் சொன்னார். மேரி உடனே குனிவாள், அடுத்த வரியில் மறுபடி நிமிர்வாள். எங்கள் தொழிலின் பழக்கம் அது. பாடுகிறவள் குனிந்தால் கூட்டம் எழுந்து போய்விடும், கடைசி வரிசையில் நிற்கிறவனைப் பார்த்துப் பாட வேண்டும் என்று பதினேழு வயதில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். “மடியில வைக்கோல் சாக்கு கெடந்தா யாரு பாப்பாங்க. புள்ள வந்தா தானா பாப்பா” என்று நான்தான் வாத்தியாரைச் சமாதானப்படுத்தினேன்.

பெரிய வெள்ளி வந்தது. எல்வின் முந்தின நாள் இருட்டியபின் வந்து சேர்ந்திருந்தான், தாடி மார்பில் இடித்தது. வயல் காய்ந்து வெடித்துக் கிடந்தது, ஆற்றில் மணல்தான். வெயில் சாய்ந்தும் சூடு குறையவில்லை. மாதாவாக மேரி மேடைக்கு வந்தபோது எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. பவுடர் இல்லை, மை இல்லை. நீல முக்காட்டுக்குள் ஐம்பத்தெட்டு வயது முகம் அப்படியே இருந்தது. வரப்பில் இருந்த கிழவிகள் கைகூப்பினார்கள். ஜீன்ஸ் யாருக்கும் ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை. கமிட்டிக்காரர்களும் கும்பிட்டார்கள், அதை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

பதிவு செய்த குரலை வைத்து எல்லாம் நடத்தினாலும் ஆணி அடிக்கிற சத்தத்தை மட்டும் நாங்கள் நேரடியாகத்தான் எடுப்போம். நிஜ மரத்தில் நிஜச் சுத்தியல் விழுகிற சத்தத்துக்கு ஈடாக எதுவும் கிடைக்கவில்லை. அதற்காகச் சிலுவையடியில் ஒரு மைக் வைத்திருப்போம். ஆணி அடித்து முடிந்ததும் ஸ்பீக்கரில் வராமல் அதைக் குறைத்துவிடுவேன். என் ஹெட்போனில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

எல்வின் இறந்தான். இடி முழக்கத்தை ஓட விட்டேன். சீடர்கள் ஏணி வைத்து ஏறி, துணியில் சுற்றி அவனை இறக்கினார்கள். மேரி சிலுவைக்குக் கீழே உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள்.  அவனை மடியில் வைத்தார்கள். ஆறடி ஆள், கால் மேடைக்கு வெளியே போனது. மேரி அவசரமே இல்லாமல் உள்ளங்கையை அவனுடைய இடது தோளுக்கு அடியில் கொடுத்து, மெதுவாக ஏந்திக்கொண்டாள். முன் வரிசை நாற்காலியில் எல்சி தலையை ஆட்டினாள்.

நான் பாட்டை ஓட விட்டேன்.

தண்ணி கேட்டியாமே மகனே என்று முதல் வரி வந்ததுதான் தாமதம், மேரியின் தலை நிமிர்ந்தது. கண் கூட்டத்தின் மேல் போனது. முன் வரிசை, நடு வரிசை, கடைசியில் வரப்பு மேட்டில் குடை பிடித்து நிற்கிறவர்கள் வரை. வாயசைப்பு இம்மி பிசகவில்லை. எந்த வரியில் மூச்சு வாங்க வேண்டுமோ அந்த வரியில் தோள் ஏறி இறங்கியது. எனக்குத் தாங்கவில்லை. அடிப் பாவி, இத்தனை வருடம் ஏங்கி ஏங்கி வாங்கிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு கச்சேரி பண்ணுகிறாயே. எல்சி முன் வரிசையிலிருந்து கையைக் கீழே காட்டிக் காட்டி ஜாடை செய்தாள். மேரிக்குத் தெரியவில்லை. பாட்டு முடிந்தால் சீடர்கள் வந்து உடலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் இல்லை.

அப்போது ஹெட்போனில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு, இறந்துபோன இயேசுநாதர் கண்ணை முழுதாகத் திறக்காமல், உதடு அசைவது தெரியாமல் பேசினார்.

“கூட்டத்தப் பாக்காதம்மா. என்னப் பாரு.”

அதில் கோபம் இல்லை. முப்பத்து மூன்று வயது ஆளின் குரல்தான். ஆனால் தலை வாரிக்கொள்கிற வயதிலிருந்தே கேட்க நினைத்து, மரியாதையாக இருந்துவிட்டதை இப்போது கேட்கிற குரல். 

மேரி குனிந்தாள். வாய் பாதி வரியில் நின்றது. அதற்கு மேல் அவள் வாயசைக்கவே இல்லை, பாட்டு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, அழுதுகொண்டிருந்தார்கள். அவள் முக்காட்டின் நுனியால் அவன் நெற்றியில் வழிந்த சாயத்தைத் துடைத்தாள். மூக்கைத் தொட்டாள், காதைத் தொட்டாள். மேடையில் மாதா செய்வதாக வாத்தியார் எழுதியது எதுவும் இல்லை இவை.

“கனமா இருக்கியேடா” என்றாள்.

“கால் மரத்துச்சுன்னா சொல்லு. நான் எந்திரிச்சுக்கறேன்.”

“வேணாம். படு.”

பாட்டு கடைசி வரிக்கு வந்துவிட்டது. சீடர்கள் இரண்டு பேர் உடலைத் தூக்கிப் போக வெள்ளைத் துணியோடு மேடைப் படியில் ஏறினார்கள். நான் பாட்டை மறுபடி முதலிலிருந்து ஓட விட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் அவர்கள் படியிலேயே நின்றார்கள்.